மீளும் விசையின் நயம்

விளையாட்டுக்கென்று விசைப்பலகை வாங்க வருபவர்கள் கடையில் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். கண்டி தலதா வீதிப் பக்கம் ஏதாவதொரு கணினிக் கடையில் சற்று நேரம் நின்றால் பார்க்கலாம். பலகையின் அடியில் ஏழு வண்ணமும் ஓடிக்கொண்டிருக்கும். வாங்க வந்த இளைஞர் ஒரு விசையை இரண்டு தரம் அழுத்துவார். "நல்லா இருக்கு நானா, இதையே தாங்க" என்பார். விசை கீழே போனதைக் கவனித்தவர், விரலை எடுத்தபோது அது எப்படி மேலே வந்தது என்பதைக் கவனித்திருக்க மாட்டார். அழுத்தினால் இறங்குவது எந்தப் பலகைக்கும் கைவந்த வேலை. விரலோடு சேர்ந்து மீளத் தெரிந்த பலகைகள் சிலதான். அந்தச் சிலவற்றின் நயத்தைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

கெட்ட பெர மேளம் வாசிப்பவரின் கைகளை எசல பெரஹரவில் அருகில் நின்று பார்த்த கண்டிக்காரருக்கு இது சட்டென்று விளங்கும். தத், ஜித், தொங், நங் என்று நான்கு அடிப்படை ஒலிகளிலிருந்துதான் அந்த வாத்தியத்தின் தாளமெல்லாம் பிறக்கிறது. தோலில் விழுந்த கை அங்கேயே ஒட்டி நின்றால் ஒலி அடங்கிவிடும். விழுந்த கணமே மீண்டால் ஒலி விரியும். ஆகவே அடியின் பலம் எவ்வளவு முக்கியமோ, கை திரும்பும் நேரமும் அவ்வளவு முக்கியம். விசைப்பலகையில் விளையாடும் இடக்கையும் இதே வித்தையைத்தான் நான்கு விசைகளின் மேல் பழகுகிறது.

டபிள்யூ, ஏ, எஸ், டி என்ற அந்த நான்கும் முதலிலிருந்தே விளையாட்டின் விசைகளாக இருந்தவையல்ல. பழைய விளையாட்டுகளில் அம்புக்குறி விசைகள்தான் ஆட்களை நகர்த்தின. 1997இல் அமெரிக்காவில் நடந்த குவேக் போட்டியில் வென்று, அந்த விளையாட்டை ஆக்கியவர்களில் ஒருவரான ஜோன் கார்மாக்கின் ஃபெராரி காரையே பரிசாகப் பெற்றவர் டெனிஸ் ஃபொங். த்ரெஷ் என்ற பெயரில் ஆடிய அவர் கைவைத்த முறையைப் பார்த்துப் பலரும் இந்த நான்கு விசைகளுக்கு மாறினார்கள். அந்தத் தெரிவில் ஆழ்ந்த நுட்பம் இருக்கிறது. நடுவிரல் முன்னும் பின்னும் போகிறது. அதன் இருபக்க விரல்கள் இடமும் வலமும் பார்த்துக்கொள்கின்றன. சுண்டுவிரலுக்கு ஷிஃப்ட்டும் கொன்ட்ரோலும், கட்டைவிரலுக்கு ஸ்பேஸும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கின்றன. வலக்கை மவுஸை விட்டு நகர வேண்டியதில்லை. ஐந்து விரலுக்கும் வேலை உண்டு. எந்த விரலும் அடுத்ததன் வழியில் குறுக்கிடுவதில்லை.

இப்போது அந்த விசைகளில் ஒன்றைக் கழற்றி உள்ளே பார்ப்போம். ஜெர்மனியின் செரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்.எக்ஸ். சுவிட்ச்தான் இன்றைய மெக்கானிக்கல் பலகைகளில் பெரும்பாலானவற்றுக்கு மூலவடிவம். அதன் காப்புரிமைக் காலம் முடிந்த பிறகு கேட்டரான், கைல், ஔட்டெமு போன்ற சீன நிறுவனங்கள் அதே அமைப்பில் செய்யத் தொடங்கின. நம் கடைகளுக்கு வரும் மலிவான மெக்கானிக்கல் பலகைகளில் பெரும்பாலும் இவைதான் இருக்கின்றன. சுவிட்சின் நடுவே சிலுவைத் தலையுள்ள ஒரு தண்டு. தண்டின் கீழே ஒரு சுருள்வில். பக்கத்தில் பொன்முலாம் பூசிய முனைகளுடன் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். விசை மேலே நிற்கும்போது தண்டின் கால் அந்தத் தகடுகள் தொடாதபடி இடையில் மறித்து நிற்கிறது. விரல் அழுத்தத் தண்டு இறங்குகிறது, கால் விலகுகிறது, காத்திருந்த தகடு தானாகவே போய் மற்றதைத் தொடுகிறது. விரலின் பலம் அந்தத் தொடுகையில் செலவாவதே இல்லை. நீங்கள் எவ்வளவு முரட்டுத்தனமாக அடித்தாலும் தகடு தன் மென்மையான வேகத்தில்தான் தொடும். பல கோடி அழுத்தங்களைத் தாங்குமென்று அந்தச் சுவிட்சுக்குச் சொல்லப்படும் ஆயுளுக்கு இந்தச் சாதுரியமும் ஒரு காரணம்.

எம்.எக்ஸ். வகைகளில் சிவப்புச் சுவிட்சை எடுத்துக்கொள்ளுங்கள். விசை அடிமட்டம் வரை 4 மில்லிமீற்றர் இறங்கும். பாதி வழியில், 2 மில்லிமீற்றரில், கணினிக்குச் செய்தி போய்விடுகிறது. அதற்குத் தேவையான பலம் 45 சென்ரிநியூட்டன். ஏறத்தாழ 45 கிராம் எடையை விரல்நுனியில் வைத்ததற்குச் சமம். மேலிருந்து கீழ்வரை வழியில் எந்தத் தடங்கலும் இல்லை. வில் சுருங்கச் சுருங்க எதிர்ப்பு மட்டும் சீராகக் கூடுகிறது. முதல் தடவை தொடுபவருக்கு இது சுவையற்றதாகத் தோன்றலாம். பழகியவருக்கோ அந்தச் சீர்மைதான் சுவை. இறங்கிய வழியிலேயே, அதே எதிர்ப்போடு, அது மேலே வருகிறது. போக்கும் வரவும் ஒன்றாக இருப்பதால் விரலுக்கு எதையும் இரண்டாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருப்பதில்லை.

நீலச் சுவிட்ச் வேறு குணம். அதன் தண்டு இரண்டு துண்டுகளால் ஆனது. 2.2 மில்லிமீற்றர் அளவில் கீழ்த்துண்டு சட்டென்று கீழே பாய, தெளிவான ஒரு சொடுக்கு கேட்கிறது. எழுதுபவருக்கு அது பேரின்பம். ஒவ்வொரு எழுத்தும் பதிந்துவிட்டதென்று விரலுக்கும் காதுக்கும் ஒரே நேரத்தில் உறுதி கிடைக்கிறது. ஆனால் திரும்பும் வழியில் அது சிவப்பைப் போல் நேர்மையானதல்ல. செய்தி போன இடத்தைக் கடந்து இன்னும் மேலே ஏறினால்தான் சுவிட்ச் பழைய நிலைக்கு வருகிறது. ஆகவே ஒரே விசையை மளமளவென்று தட்ட வேண்டிய இடத்தில் விரல் ஒவ்வொரு தடவையும் தேவைக்கு மேல் உயர வேண்டியிருக்கிறது. பழுப்புச் சுவிட்ச் இரண்டுக்கும் நடுவே. ஒரு சிறு மேடு உண்டு, சொடுக்கு இல்லை. எழுத்து வேலையும் விளையாட்டும் சரிபாதியாக நடக்கும் வீட்டுக்கு அது பொருத்தமான சமரசம்.

விடுதல் ஏன் இத்தனை பெரிய விஷயம் என்பதை கவுண்டர் ஸ்ட்ரைக் என்ற துப்பாக்கி விளையாட்டை ஆடுபவர்கள் நன்கு அறிவார்கள். ஓடிக்கொண்டே சுட்டால் குறி தவறும். நின்றால்தான் குண்டு நேராகப் போகும். வலப்பக்கம் ஓடிக்கொண்டிருப்பவர் டி விசையை விட்டு, மறுகணமே ஏ விசையை ஒரு தொடு தொட்டு, உடலின் வேகத்தைக் கொன்று, அந்த நிலைத்த கணத்தில் சுடுகிறார். இதை கவுண்டர் ஸ்ட்ரேஃப் என்கிறார்கள். பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது துப்பாக்கி வெடித்தது மட்டும். அதற்கு முன் ஒரு விரல் எழுந்து மற்றொரு விரல் இறங்கிய ஒழுங்கில்தான் ஆட்டக்காரரின் தேர்ச்சி இருக்கிறது. சாதாரணச் சிவப்புச் சுவிட்சை அடிமட்டம் வரை அழுத்திவிட்டால், விட்டதாகக் கணினி அறிய விரல் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் மேலே வர வேண்டும். அந்த இரண்டு மில்லிமீற்றருக்குள் டி இன்னும் அழுத்தப்பட்டதாகவே கணக்கு. ஏ இறங்கிவிட்டாலும் ஆள் நினைத்தபடி நிற்பதில்லை.

அந்த இடைவெளியை ஏறக்குறைய இல்லாமல் ஆக்கியதுதான் அண்மைக்கால விசைப்பலகைகளின் மிகப்பெரிய அழகு. மின்னோட்டம் செல்லும் கடத்தியின் அருகே காந்தத்தைக் கொண்டுவந்தால் குறுக்கே ஒரு மின்னழுத்தம் தோன்றும் என்பதை எட்வின் ஹோல் 1879இல் கண்டார். அந்த விளைவைக் கொண்டு 1960களின் இறுதியிலேயே அமெரிக்காவில் விசைப்பலகைகள் செய்யப்பட்டன. பிறகு மலிவான வழிகள் வந்து அதை ஓரங்கட்டின. நெதர்லாந்தின் வூட்டிங் நிறுவனம் அதே தத்துவத்தை விளையாட்டுக்காக மீட்டெடுத்தது. தண்டின் அடியில் ஒரு சிறு காந்தம், பலகையில் ஒரு உணரி. உலோகம் உலோகத்தைத் தொடுவதே இல்லை. விசை இப்போது எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை உணரி இடைவிடாமல் அளந்துகொண்டிருக்கிறது. ஆகவே எங்கே அழுத்தம் தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை ஆட்டக்காரரே வகுத்துக்கொள்ளலாம். ரெபிட் ட்ரிகர் என்ற வசதியில் விசை எந்த ஆழத்தில் இருந்தாலும், விரல் 0.1 மில்லிமீற்றர் எழுந்தவுடனேயே விட்டதாகக் கணக்கு. ஒரு கடதாசித் தாளின் தடிப்பளவு! விரலின் எண்ணம் மாறியதை விரல் முழுதாக நகர்வதற்குள் பலகை புரிந்துகொள்கிறது. இதை முதன்முறையாகக் கையில் உணர்ந்தவருக்கு வரும் வியப்பு நியாயமானது.

அந்த நயத்துக்கு ஓர் எல்லையும் உண்டு. 2024இல் ரேசர் நிறுவனம் ஸ்னெப் டெப் என்ற வசதியைக் கொண்டுவந்தது. எதிரெதிர் விசைகள் இரண்டும் அழுந்தியிருந்தால், கடைசியாக அழுந்தியதை மட்டும் பலகை ஏற்கும். முந்தைய விசையை விடும் பொறுப்பு விரலிடமிருந்து பலகைக்குப் போய்விடுகிறது. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம், கவுண்டர் ஸ்ட்ரைக்கை ஆக்கிய வால்வ் நிறுவனம் இத்தகைய உதவிகளை கவுண்டர் ஸ்ட்ரைக் 2இன் அதிகாரபூர்வ வழங்கிகளில் தடைசெய்தது. அந்த முடிவு சரியென்றே நினைக்கிறேன். விரலின் சிறு அசைவையும் உண்மையாகக் கேட்டுச் சொல்வது கருவியின் நேர்மை. விரல் செய்யாததைச் செய்ததாகச் சொல்வது அந்த நேர்மையைக் கடந்தது.

எல்லோரும் காந்தச் சுவிட்சை நோக்கி ஓட வேண்டும் என்று இதற்குப் பொருளில்லை. இந்த நாட்டில் விளையாடக் கற்ற ஒரு தலைமுறை நெட் கஃபேக்களில் சாதாரண இறப்பர் குமிழ்ப் பலகைகளில் விரல் தேய்த்துத்தான் வளர்ந்தது. 2007இல் தொடங்கிய கேமர் டொட் எல்கே அமைப்பு, அது நடத்திவரும் ஸ்ரீலங்கா சைபர் கேம்ஸ் ஆகியவற்றின் வழியே அந்தத் தலைமுறை மேடையேறியது. 2019இல் இ-ஸ்போர்ட்ஸ் இலங்கையில் விளையாட்டாகவே அங்கீகாரம் பெற்றது. கை நன்றாக இருந்தால் மலிவுப் பலகையிலும் ஆடலாம். ஆனால் அதன் குறை எங்கே என்று தெரிந்து வாங்க வேண்டும். இறப்பர்க் குமிழ் அநேகமாக அடிமட்டத்தில் நசுங்கியபோதுதான் செய்தி அனுப்புகிறது. மேலே வரும்போது சற்றுச் சோம்பலாக வருகிறது. விசைகளின் கம்பிகள் கட்டம்கட்டமாகப் பின்னப்பட்டிருப்பதால், சில விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அடுத்ததை அது கேட்காமலும் போகலாம். கடையிலேயே இதைச் சோதிக்கலாம். இரண்டு ஷிஃப்ட் விசைகளையும் பிடித்துக்கொண்டு ஆங்கில எழுத்து இருபத்தாறையும் வரிசையாகத் தட்டுங்கள். திரையில் எந்த எழுத்து விடுபடுகிறதோ அங்கே அந்தப் பலகைக்குக் காது கேட்கவில்லை. பிறகு டபிள்யூ, ஏ, ஷிஃப்ட், ஸ்பேஸ் நான்கையும் ஒன்றாகப் பிடித்து, ஆர் விசையையும் ஈ விசையையும் தட்டிப் பாருங்கள். ஒவ்வொரு விசைக்கும் தனி டயோட் வைத்த பலகையில் எதுவும் விடுபடாது.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் வேக எண்களில் மயங்க வேண்டாம். சாதாரண யூ.எஸ்.பி. பலகை வினாடிக்கு 125 தடவை கணினியிடம் பேசும். அதாவது 8 மில்லிவினாடிக்கு ஒருமுறை. விளையாட்டுப் பலகை 1000 தடவை பேசும். 1 மில்லிவினாடிக்கு ஒருமுறை. இந்தப் பாய்ச்சல் பெறுமதியானது. அதற்கு மேல் 8000 என்று போட்டிருந்தால் மிச்சமாவது ஒரு மில்லிவினாடிக்கும் குறைவு. கண்டியிலிருந்து சிங்கப்பூர் வழங்கிக்கோ மும்பை வழங்கிக்கோ செய்தி போய்வரவே பல பத்து மில்லிவினாடிகள் ஆகின்றன. அந்த மேலதிகப் பணத்தை விசைமூடிகளுக்கும் சுவிட்சுக்கும் கொடுப்பதே மேல்.

விசைமூடியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் விரல் உண்மையில் தொடுவது அதை மட்டும்தான். ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் மூடிகள் புதிதில் பட்டுப்போல இருக்கும். சில மாதங்களில் விரல் பட்டுத் தேய்ந்து வழவழவென்று மினுங்கத் தொடங்கும். பி.பி.டி. மூடிகளில் மெல்லிய மணல்தன்மை உண்டு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருந்தாலும் மலைகள் சூழ்ந்த கண்டியில் காற்றில் ஈரம் குறைவதில்லை. வியர்த்த விரல் வழுக்காமல் நிற்க அந்த மணல்தன்மை உதவுகிறது. எழுத்து அச்சிடப்பட்ட விதத்தையும் பாருங்கள். மேற்பூச்சாக அச்சிட்டிருந்தால் முதலில் மறைவது டபிள்யூ, ஏ, எஸ், டி என்ற நான்கு விசைகளின் எழுத்துகள்தான். இரு நிறப் பிளாஸ்டிக்கை ஒன்றினுள் ஒன்றாக வார்த்த மூடியில் எழுத்து மேற்பரப்பிலிருந்து அடிவரை ஓடுகிறது, தேய்ந்தாலும் அழியாது. வரிசைக்கு வரிசை மூடிகளின் சாய்வு மாறுவதையும் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். மேல்வரிசை விரலை நோக்கிச் சாய்கிறது, நடுவரிசை தாழ்ந்து கிடக்கிறது. எஃப், ஜே விசைகளில் உள்ள சிறு கோடு, கண் திரையை விட்டு அகலாமலே கை தன் இடத்தைக் கண்டுகொள்ளப் போடப்பட்டது.

பலகை செய்தவரின் அக்கறையை ஒரே விசையில் அறிய வேண்டுமானால் ஸ்பேஸை அறியுங்கள். நீளமான விசை என்பதால் அதன் இரு முனைகளையும் ஒரு கம்பி தாங்கிப்பிடிக்கிறது. அந்தக் கம்பிக்கு மசகு ஒழுங்காக இடாவிட்டால் ஒவ்வொரு தட்டலுக்கும் தகரம் அதிர்வது போல ஒலிக்கும். இடமுனையில் ஒரு தட்டு, நடுவில் ஒரு தட்டு, வலமுனையில் ஒரு தட்டு. மூன்றும் ஒரே ஒலியில், ஒரே கனத்தில், ஒரே வேகத்தில் மீண்டால் அந்தப் பலகையைச் செய்தவர் மற்ற விசைகளையும் கவனித்தே செய்திருப்பார் என்று நம்பலாம்.

இந்த அக்கறைக்கு நம்மிடையே ஒரு முன்னோடி உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூருக்குப் போன இரா. முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்தபோது, நூற்றுக்கணக்கான தமிழ் எழுத்துகளைச் சில பத்து விசைகளுக்குள் அடக்க வேண்டியிருந்தது. அழுத்தினாலும் தாள் ஏந்திய வண்டி நகராமல் நிற்கும் நகரா விசையை அவர் அதற்குப் பயன்படுத்தினார். முதலில் குறி விழும், வண்டி அசையாது, அடுத்த விசை அதே இடத்தில் மெய்யை இடும். அழுத்திய பின் என்ன நடக்க வேண்டும் என்று யோசித்த மனம் அது. கண்டியில் ஒரு வீட்டின் விசைப்பலகை இரவில் விளையாட்டுக்கென்றாலும், பகலில் ஆங்கிலம், சிங்களம், தமிழ் மூன்றுக்கும் உழைக்கிறது. தமிழுக்கு எஸ்.எல்.எஸ். 1326 என்ற தேசியத் தரமும் 2008இலிருந்து உண்டு. காந்தச் சுவிட்சில் அழுத்தம் தொடங்கும் ஆழத்தை விளையாட்டுக்கு 0.1 மில்லிமீற்றராக வைத்தவர் கட்டுரை எழுதும்போது அதை ஒரு மில்லிமீற்றருக்கு மேல் உயர்த்திக்கொள்ள வேண்டும். இல்லையேல் விரல் ஓய்வாகக் கிடந்தாலே எழுத்து கொட்டும்.

வீட்டையும் நினைத்துப் பார்த்துத்தான் தெரிவு செய்ய வேண்டும். பேராதனையிலோ கட்டுகஸ்தோட்டையிலோ பகிர்ந்து தங்கும் அறையில், அடுத்த கட்டிலில் ஒருவர் தூங்கும்போது நீலச் சுவிட்சின் சொடுக்கு இன்பமாக இராது. மேசை சிறிதென்றால் இலக்கப் பகுதியுடன் கூடிய 104 விசைப் பலகை மவுஸின் இடத்தைத் தின்றுவிடும். அந்தப் பகுதி இல்லாத 87 விசைப் பலகையில் தோள் அகலாமல் கை இயல்பாக விழுகிறது. 61 விசைப் பலகை இன்னும் அடக்கமானது. ஆனால் அம்புக்குறிகளும் எஃப்1 முதலான மேல்வரிசையும் இல்லாததால் பாடவேலைக்கு இடைஞ்சல். கணக்கியல் படிப்பவருக்கு இலக்கப் பகுதி கட்டாயம். ஈரக்காற்றில் உலோகத் தொடுகைகள் காலப்போக்கில் கறுக்கலாம். ஒரு தட்டலுக்கு இரண்டு எழுத்து விழத் தொடங்கும். தொடுகையே இல்லாத காந்தச் சுவிட்சுக்கு அந்தக் கவலை இல்லை. மெக்கானிக்கல் என்றால் சுவிட்சைக் கையாலேயே பிடுங்கி மாற்றக்கூடிய குழி வைத்த பலகையாகப் பாருங்கள். 2022இல் ஒரு டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபா வரை போனதைப் பார்த்தவர்கள் நாங்கள். பழுதான ஒரு சுவிட்சுக்காகப் பலகையையே தூக்கிப்போடும் வசதி நமக்கில்லை. அப்படிப் போடாமல் பழுது பார்க்க இடம் தரும் பொருள் எப்போதும் மரியாதைக்குரியது.

ஆகவே கடைக்குப் போனால் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "நானா, லைட்டை நிப்பாட்டிட்டு ஒருக்கா தட்டிப் பார்க்கலாமா?" வண்ணங்கள் அணைந்ததும் விசை ஒன்றின் மேல் விரலை வையுங்கள். மெல்ல அழுத்திக் கீழே கொண்டுபோய், அதைவிட மெல்ல விடுங்கள். வழியில் எங்காவது உரசுகிறதா, தயங்குகிறதா, தண்டு பக்கத்துக்கு ஆடுகிறதா என்று கவனியுங்கள். விசை விரலைத் தள்ளாமலும் விரலுக்குப் பின்தங்காமலும் கூடவே ஏறி வர வேண்டும். பிறகு இரு விரல்களால் ஏயும் டியும் மாறிமாறித் தட்டுங்கள். ஒன்றை விடுவதும் மற்றதை அழுத்துவதும் ஒரே தாளத்தில் அமைகிறதா என்று கையே சொல்லிவிடும். போட்டிகளுக்குப் போகும் எண்ணமிருந்தால் காந்தச் சுவிட்ச். இல்லையென்றால் மாற்றக்கூடிய சிவப்புச் சுவிட்சும் பி.பி.டி. மூடியும் உள்ள 87 விசைப் பலகை பல வருடங்களுக்குப் போதும். கையில் பணம் குறைவென்றால் வெளிச்சத்தை விடுங்கள், பெட்டியிலுள்ள எண்களை விடுங்கள், பெரிய பெயரையும் விடுங்கள். விரலோடு மீளும் விசையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.